ஓடுகிற சிஸ்டத்தை எதற்கு மாற்ற வேண்டும்?

ஆடி மாதத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு வெளியே வேலை இருக்காது. கேமரா பைக்குள் போய்விடும். வீட்டுக்குள்தான் வேலை குவிந்து கிடக்கும். வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் எடுத்ததெல்லாம் ஹார்டு டிஸ்க்குகளில் வரிசையாகக் காத்திருக்கும். "எப்பங்க வீடியோ தருவீங்க?" என்று பெண் வீட்டார் போன் செய்துகொண்டே இருப்பார்கள். செய்தித்தாளைப் பிரித்தால் ஆடித் தள்ளுபடி. புடவைக்கு மட்டுமில்லை, லேப்டாப்புக்கும் உண்டு. வருமானம் நின்றுபோகும் மாதத்தில்தான் செலவழிக்கச் சொல்லும் விளம்பரங்கள் அதிகமாக வருகின்றன.

2025 ஆடியில் மன்னார்குடி பக்கத்தில் ஒரு வீடியோகிராபர் வீட்டில் இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. முடிக்க வேண்டிய வேலை நிறைய இருந்தது. சீட்டு எடுத்த பணம் 80,000 ரூபாய் கையில் இருந்தது. அதில் ட்ரோன் வாங்கலாம் என்றார் கணவர். சிஸ்டத்தை மாற்றலாம் என்றார் மனைவி.

கணவர் படம் எடுப்பவர், மனைவி எடிட்டர். விசிட்டிங் கார்டில் கணவர் பெயர் மட்டும்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை, 15 வருடத்தில் முழுக்க மனைவி கைக்கு வந்துவிட்டது. எந்தப் பாட்டு எந்த இடத்தில் வர வேண்டும், பெண்ணின் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டது எந்த கேமராவில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அந்த வீட்டு கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி, அசெம்பிள் செய்து, மன்னை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சிஸ்டம். நான்காம் தலைமுறை ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க். அந்த வட்டாரத்தில் அப்போது அதைவிட நல்ல சிஸ்டம் எந்த ஸ்டுடியோவிலும் இல்லை.

"ஓடுதே ம்மா இன்னும். ஓடுற சிஸ்டத்தை எதுக்கு மாத்தணும்?" என்பது கணவரின் கேள்வி.

"ஓடுதுங்க. நான்தான் அது பின்னாடி நடந்துக்கிட்டிருக்கேன்" என்றார் மனைவி.

கணவர் பக்கமும் நியாயம் இருந்தது. கல்யாணம் பேச வருபவர்கள் "ட்ரோன் இருக்கா?" என்று கேட்கிறார்கள். "எந்த சிஸ்டத்துல எடிட் பண்றீங்க?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ட்ரோன் மண்டபத்துக்கு மேலே பறந்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும். கம்ப்யூட்டர் படுக்கையறை மூலையில், துணி மடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது திணறுவதைப் பார்ப்பது ஒரே ஒருவர்தான்.

கேமரா மாறியது, சிஸ்டம் பழையதானது

ஒன்பது வருடம் நன்றாக ஓடிய சிஸ்டம் திடீரென்று ஏன் திணறியது? கம்ப்யூட்டருக்குள் எதுவும் கெட்டுப்போகவில்லை. 2023-ல் கணவர் கேமராவை மாற்றினார். காரணம் அவ்வளவுதான்.

பழைய கேமரா ஃபுல் ஹெச்டியில் எடுத்தது. ஒரு பிரேமுக்கு 1920க்கு 1080, அதாவது சுமார் 21 லட்சம் புள்ளிகள். புது கேமரா 4கே. 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. வினாடிக்கு 25 பிரேம். முகூர்த்த நேரத்தில் மூன்று கேமரா. இத்தனையையும் அதே பிராசசர்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

புள்ளிகள் கூடியதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. கேமரா அந்தப் படத்தைச் சுருக்கி எழுதும் முறை மாறிவிட்டது. பழைய கேமராவின் முறைக்கு ஹெச்.264 என்று பெயர். அது 2003-ல் வந்த தரம். புது கேமரா ஹெச்.265 முறையில் எழுதுகிறது. அது 2013-ல் வந்தது. புதிய முறை இன்னும் இறுக்கமாகச் சுருக்கும், கார்டில் இடம் மிச்சமாகும். ஆனால் சுருக்கியதைத் திரும்ப விரிப்பதற்கு உழைப்பு அதிகம்.

மளிகைக் கடைக் கடன் நோட்டை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். மாதத் தொடக்கத்தில் மொத்த பாக்கியை எழுதுவார் கடைக்காரர். அதற்குப் பிறகு தினமும் சேர்ந்ததையும் கழிந்ததையும் மட்டும் எழுதிக்கொண்டு போவார். 17-ஆம் தேதி பாக்கி எவ்வளவு என்று யாராவது திடீரென்று கேட்டால், 1-ஆம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். வீடியோ பைலும் இப்படித்தான். ஒரு முழுப் படம், அதற்குப் பிறகு வரும் பிரேம்களில் மாறியது மட்டும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் சிரமம் இல்லை. எடிட்டர் வரிசையாகப் பார்ப்பதில்லை. முன்னே போவார், பின்னே வருவார், தாலி கட்டும் அந்த ஒரு பிரேமைத் தேடி அங்குமிங்கும் இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்ப்யூட்டர் முதலிலிருந்து கூட்டிப் பார்க்கிறது.

இந்தக் கூட்டல் வேலைக்கென்றே பிராசசருக்குள்ளும் கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் தனிப் பகுதி வைத்திருப்பார்கள். நான்காம் தலைமுறை ஐ7-க்குள் ஹெச்.264-க்கான பகுதி உண்டு. ஹெச்.265 தரம் வந்த அதே வருடத்தில் விற்பனைக்கு வந்த தலைமுறை அது. அதற்கான முழுப் பகுதி அதில் இல்லை. அதனால் மொத்தக் கூட்டலையும் பிராசசர் பொதுவான வழியில் தலையால் செய்கிறது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. கலர் நன்றாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கேமரா மெனுவில் '10 பிட் 4:2:2' என்ற அமைப்பை வைத்திருந்தார் கணவர். சாதாரண அமைப்பான 4:2:0-ல் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல் இருக்கும். 4:2:2-ல் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. நிறத்தை நிறைய திருத்துபவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஹெச்.265-ல் இந்த 4:2:2-ஐ விரிக்கும் பகுதி பல கிராபிக்ஸ் கார்டுகளில் இல்லை. என்விடியா கார்டுகளில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. மெனுவில் ஒரு வரியை மாற்ற கணவருக்கு அரை நிமிடம் ஆனது. அதற்கான வேலை மனைவியின் இரவுகளில் போய் விழுந்தது.

எல்லோரும் சொல்லும் மருந்து

இந்த மாதிரி நேரத்தில் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: "எஸ்எஸ்டி போட்டுடுங்க, பறக்கும்." இல்லையென்றால், "ராமை 32 ஆக்குங்க." இரண்டும் நல்ல பொருள்தான். ஆனால் எந்த நோய்க்கு என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. அந்தக் கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது 12.5 மெகாபைட். மூன்று கேமராவை ஒன்றாக ஓட்டினாலும் 37.5 மெகாபைட். பழைய ஹார்டு டிஸ்க்கே நல்ல நிலையில் இருந்தால் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தரும். அதாவது பைல் சீக்கிரமாகவே வந்து சேர்கிறது. வந்து சேர்ந்ததைப் பிரித்துப் படிப்பதில்தான் தாமதம். எஸ்எஸ்டி போட்டால் கம்ப்யூட்டர் சட்டென்று ஆன் ஆகும், மென்பொருள் சீக்கிரம் திறக்கும், சின்னப் படங்கள் வேகமாக வரும். டைம்லைனில் வீடியோ திக்கித் திணறுவது அப்படியேதான் இருக்கும்.

இதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திணறுகிற வீடியோவை ஓட்டிப் பார்க்க வேண்டும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் டிஸ்க்கை மாற்றுவதில் பலன் உண்டு. மெமரி நிரம்பி வழிந்தால் ராம் சேர்க்கலாம். சிபியு 100-ல் நின்று, ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோடு' கோடு தரையோடு தரையாகக் கிடந்தால், விரிக்கும் வேலையைச் செய்ய அந்த மெஷினில் ஆள் இல்லை என்று பொருள்.

சர்வீஸ் செய்யும் தம்பி வந்து பார்த்தபோது டிஸ்க் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராம் 16-ல் 11 ஜிபிதான் போயிருந்தது. சிபியு மட்டும் உச்சியில் நின்றது.

"அக்கா, எஸ்எஸ்டியை நான் வித்துட்டுப் போயிடலாம். ஆனா நாளைக்கு நீங்கதான் போன் பண்ணி 'என்ன தம்பி, அப்படியே இருக்கு'ன்னு கேப்பீங்க" என்றார் அவர்.

"அப்ப கிராபிக்ஸ் கார்டு மாத்தினா, தம்பி?"

"செகண்ட் ஹேண்ட்ல நல்ல கார்டு கிடைக்கும்க்கா. ஆனா சார் வெச்சிருக்கிற 4:2:2-வை அது தொடாது."

பால் கணக்கு நோட்டில் இன்னொரு கணக்கு

திணறல் எங்கே என்பது தெரிந்துவிட்டது. அதற்காக 35,000, 40,000 செலவழிப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மனைவி ஒரு வேலை செய்தார். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில், கம்ப்யூட்டருக்காகத் தான் காத்திருந்த நேரத்தை எழுத ஆரம்பித்தார்.

எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் அது எத்தனை மணி நேரம் ஓடினாலும் கணக்கில் சேர்க்கவில்லை. தூங்கும்போது கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு, வேறு வேலைக்கும் போக முடியாமல், மவுஸைப் பிடித்தபடி காத்திருந்த நேரத்தை மட்டும் எழுதினார். நான்கு கல்யாணத்துக்கு எழுதியதில், ஒரு கல்யாணத்துக்குச் சராசரி 11 மணி நேரம் வந்தது. வருடத்துக்கு 40 கல்யாணம் என்றால் 440 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்தால் 55 நாள்.

பழைய சிஸ்டத்தை மேம்படுத்தலாமா என்று யோசிக்கும் யாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள் வீடியோ எடிட் செய்பவருக்கு இந்த எண் சில மணி நேரம்தான் வரும். அவர் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்காரலாம். புது மெஷின் அவருக்கு ஆசை. 55 நாள் போகிறவருக்கு அது தேவை.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியது

ஆனாலும் மனைவி உடனே வாங்கச் சொல்லவில்லை. செலவில்லாத வழிகளை முதலில் பார்த்துவிடலாம் என்றார்.

முதல் வழி, பிராக்ஸி. பெரிய 4கே பைலுக்கு ஒரு சின்ன நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலை வைத்து எடிட் செய்வது. எல்லா வெட்டும் ஒட்டும் முடிந்த பிறகு, கடைசியில் மென்பொருளே நகலை எடுத்துவிட்டு ஒரிஜினலை வைத்து ரெண்டர் செய்யும். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு.

கேட்கப் புதிதாக இருந்தாலும் இது பழைய கோடம்பாக்கத்து வழக்கம்தான். பிலிம் காலத்தில் நெகட்டிவை யாரும் எடிட்டிங் டேபிளில் வைத்து வெட்டமாட்டார்கள். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் பிரிண்ட் போட்டு, அதை வெட்டி ஒட்டிப் படத்தை முடிவு செய்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு அதே இடங்களில் நெகட்டிவை வெட்டுவார்கள். பிராக்ஸி என்பது அந்தப் பிரிண்ட்டின் பேரப்பிள்ளை.

நகலுக்கு எந்த வடிவம் என்பது முக்கியம். மறுபடியும் ஹெச்.265-ல் நகல் எடுத்தால் பழைய தொல்லை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். புரோரெஸ் பிராக்ஸி மாதிரியான வடிவத்தில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக இருக்கும். கடைக்காரர் தினமும் மொத்த பாக்கியை எழுதி வைப்பது போல. நோட்டு தடிமனாகும், ஆனால் எந்தத் தேதியைக் கேட்டாலும் உடனே பதில் வரும். ஃபுல் ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி ஆகும். மூன்று கேமராவும் சேர்ந்து 6 மணி நேரம் இருந்தால் 100 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

இரண்டாவது வழி, கேமரா மெனு. வாடிக்கையாளர் வீடியோவை டிவியிலும் போனிலும்தான் பார்க்கப் போகிறார். எல்லாக் காட்சிக்கும் 10 பிட் 4:2:2 தேவையா? வெளிச்சம் சீராக இருக்கும் ரிசப்ஷன் மேடைக்கும் பந்தி பரிமாறுவதற்கும் ஹெச்.264, 8 பிட் போதும். போனில் எடுப்பவர்களுக்கும் இந்த வழி உண்டு. ஐபோன்கள் 2017-லிருந்து ஹெச்.265-ல் எழுதுகின்றன. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய முறைக்கு மாறும். பல ஆண்ட்ராய்டு போன்களின் கேமரா செட்டிங்ஸிலும் இப்படி ஒரு தேர்வு இருக்கிறது. பழைய லேப்டாப்பில் சமையல் வீடியோவோ பள்ளி விழா வீடியோவோ எடிட் செய்து திணறுபவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

ராத்திரியில் பிராக்ஸி போட்டுவிட்டுத் தூங்கி, பகலில் எடிட் செய்ததில் 11 மணி நேரம் 4 மணி நேரமாகக் குறைந்தது. ஒரு ரூபாய் செலவில்லை. கணவர் முகத்தில் ட்ரோன் பறந்தது. "பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்றார்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்த நாள்

ஆடிக்கு மனைவி அம்மா வீட்டுக்குப் போனார். கோயில் விசேஷம், நான்கு நாள். அந்த நேரம் பார்த்து, ஆனியில் எடுத்த ஒரு கிரகப்பிரவேச வீடியோவை உடனே தர வேண்டியதாயிற்று. இரண்டு மணி நேர வீடியோதானே, நாமே உட்காரலாம் என்று கணவர் உட்கார்ந்தார்.

பிராக்ஸி போட்டுவிட்டுப் படுத்தார். ராத்திரி கரண்ட் போனது. யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கிவிட்டு அணைந்தது. காலையில் பாதி நகல்தான் இருந்தது. சரி, ஒரிஜினலிலேயே செய்துவிடலாம் என்று தொடங்கினார். ஓட்டினால் ஐந்து வினாடி ஓடும், படம் நிற்கும், ஐயர் மந்திரம் மட்டும் கேட்கும். பால் பொங்கும் இடத்தைப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. நிறம் திருத்தப் போனார், ஸ்லைடரை நகர்த்திவிட்டு முடிவைப் பார்க்கக் காத்திருந்தார். பிராக்ஸி இருந்திருந்தாலும் நிறத்தை ஒரிஜினலில்தான் சரிபார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மனைவி எழுதிய 4 மணி நேரத்தில் பெரும்பகுதி அந்த வேலைக்குத்தான் போயிருந்தது.

மத்தியானம் மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. அவர் சர்வீஸ் தம்பிக்குப் போன் செய்தார்.

தம்பி வந்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டார். 2014-ல் வாங்கிய ஹார்டு டிஸ்க்குக்கு மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வந்தது. டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டு, மாற்று இடங்களுக்கு மாறத் தொடங்கியிருந்தன. அந்த டிஸ்க்கில் இன்னும் கொடுத்து முடிக்காத மூன்று கல்யாணங்கள் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. இடம் போதாமல் கேமரா கார்டுகளை எப்போதோ அழித்தாகிவிட்டது.

"சார், சிஸ்டம் மெதுவா ஓடுறது அக்கா பிரச்சனை. இது உங்க பிரச்சனை" என்றார் தம்பி.

கணவர் ரொம்ப நேரம் பேசவில்லை. வீடு குடிபோனது எப்படியும் போகட்டும், ஒரு முகூர்த்தத்தை யாரிடமும் போய் மறுபடி நடத்தித் தரச் சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே 4 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, மூன்று கல்யாணத்தையும் அதற்கு மாற்றினார். சீட்டுப் பணத்தின் முதல் செலவு அதுதான்.

என்ன மாற்றினார்கள்

மனைவி திரும்பி வந்த பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். பழைய போர்டில் பொருந்தக்கூடிய எந்த பிராசசரிலும் இந்த வேலைக்கான முழுப் பகுதி கிடையாது. ஆகவே அந்த போர்டை வைத்துக்கொண்டு ராம், கார்டு என்று போடும் காசு வீண். அதோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிவதாக இருந்தது. ஓராண்டு நீட்டிக்கொள்ள வழி இருந்தாலும், விண்டோஸ் 11 முறைப்படி ஏற்க இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும்.

அதே சமயம் எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் தேவையில்லை. கேபினட், மானிட்டர், கீபோர்டு அப்படியே இருந்தன. போர்டு, 12-ஆம் தலைமுறை ஐ5 பிராசசர், 32 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, புது பவர் சப்ளை. இவ்வளவுதான் மாறின. பவர் சப்ளையில் கணவர் மிச்சம் பிடிக்கப் பார்த்தார். 11 வருடம் ஏறி இறங்கும் கரண்ட்டைத் தாங்கிய பெட்டியை நம்பிப் புது போர்டை மாட்டக் கூடாது என்று தம்பி மறுத்துவிட்டார்.

பிராசசர் வாங்கும்போது தம்பி சொன்ன ஒரு விஷயம் எல்லோருக்கும் பயன்படும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அதில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. விலை கொஞ்சம் குறையும். கேம் ஆடுபவர்கள் தனி கார்டு போட்டுக்கொள்வதால் அதை வாங்குவார்கள். ஆனால் 11-ஆம் தலைமுறையிலிருந்து ஹெச்.265 4:2:2-ஐ விரிக்கும் வேலையைச் செய்வது அந்த உள் கிராபிக்ஸ்தான். எடிட்டிங்குக்கு எஃப் வாங்கினால், எந்த வேலைக்காகச் செலவழிக்கிறோமோ அதையே கடையில் விட்டுவிட்டு வருவது போலாகும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை, பிராசசரை மட்டும் மாற்ற முடியாது. அவர்கள் பிராக்ஸியிலும் கேமரா மெனுவிலும் எவ்வளவு காலம் ஓட்ட முடியும் என்று பார்த்துவிட்டு, வாங்கும்போது முழுதாக வாங்க வேண்டியதுதான்.

எல்லாம் சேர்ந்து 36,000 ரூபாய்க்குள் முடிந்தது. வெளி ஹார்டு டிஸ்க்கும் யுபிஎஸ் பேட்டரியும் விண்டோஸ் லைசென்ஸும் தனி. மீதியை பேங்கில் போட்டார்கள். ட்ரோன் கேட்கும் கல்யாணங்களுக்கு ஆளோடு வாடகைக்கு எடுத்துக்கொள்வது, அந்தச் செலவைப் பேக்கேஜில் தனியாகக் காட்டுவது என்று முடிவானது. ட்ரோன் வாங்கினாலும் அது கொண்டுவரும் 4கே வீடியோவை யாராவது எடிட் செய்ய வேண்டும் என்பதை இந்த முறை கணவரே சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போனதுதான் முக்கியக் காரணம். ஆடியில் வாங்கியவர்கள் தப்பித்தார்கள். அது அதிர்ஷ்டம்தான், யாரும் முன்கூட்டிக் கணிக்கவில்லை. ஆனால் தேவை என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டவர்கள் விலை இறங்கட்டும் என்று காத்திருக்காமல் வாங்கிவிட்டார்கள்.

ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கின. பால் நோட்டின் பின்பக்கத்தில் எழுத இப்போது பெரிதாக எதுவும் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் வந்தால் அதிகம். ராத்திரி 11 மணிக்கு அந்த வீட்டில் விளக்கு அணைகிறது. ஒவ்வொரு கல்யாணமும் கொடுத்து முடிக்கும்வரை இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது.

கணவரிடமும் ஒரு மாற்றம். மண்டபத்தில் கேமரா மெனுவில் எதையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால், முதலில் வீட்டுக்குப் போன் போடுகிறார். "ஏம்மா, இதை 50 பிரேம்ல எடுத்தா உனக்குச் சிரமமா இருக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறார்.